ஏட்டில் ஏறிய பாட்டு

1597ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஓர் இசைப் பாடநூல் அச்சாகி வெளிவந்தது. அதை எழுதியவர் தாமஸ் மார்லி என்னும் இசைப் புலவர். ஆசிரியரும் மாணவனும் உரையாடுவதுபோல் அமைந்த அந்நூலின் தொடக்கத்தில், மாணவன் தான் இசை கற்க வந்த காரணத்தைச் சொல்லுகிறான். முதல்நாள் அவன் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தான். சாப்பாடு முடிந்ததும், அக்கால வழக்கப்படி, பாட்டுப் புத்தகங்கள் மேசைக்கு வந்தன. வீட்டுத் தலைவி ஒரு புத்தகத்தை அவன் கையில் கொடுத்துப் பாடும்படி வேண்டினாள். தனக்குப் பாடத் தெரியாது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. இவனை எப்படித்தான் வளர்த்தார்களோ என்று சிலர் தமக்குள் முணுமுணுத்தார்கள். வெட்கம் தாங்காமல் மறுநாளே அவன் ஆசிரியரைத் தேடி வந்துவிட்டான்.

இந்தச் சங்கடம் நமக்கும் புதிதன்று. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, “பெண்ணுக்குப் பாடத் தெரியுமா?” என்று கேட்பது தமிழ்நாட்டின் பல வீடுகளில் வெகுநாள் வழக்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே எத்தனையோ பெண் குழந்தைகள் பாட்டு வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பாடும்படி கேட்கப்படுகிறவர் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். வீட்டில் இருப்பவர், விருப்பத்துக்காகவோ மதிப்புக்காகவோ பாடுகிறவர். இத்தகைய இசை ஆர்வலர்கள் பெருந்தொகையாகத் தோன்றுவதற்கு ஒரு சாதனம் வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலும், தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அது கிடைத்தது. அச்சில் ஏறிய இசைக் குறிப்புதான் அந்தச் சாதனம். அது எவ்வாறு பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது, கொண்டுவரும்போது எதை வாசலிலேயே விட்டுவிட்டது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எழுதாமல் பாடிய பாட்டு

பாடுவதற்குப் புத்தகம் தேவையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்துக்கு மேற்கே படப்பை, மணிமங்கலம் போன்ற ஊர்கள் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்தவை. இப்படிப்பட்ட ஊர்களில் நடவு நடும் பெண்களும், ஏற்றம் இறைக்கும் ஆண்களும், கும்மியடிக்கும் சிறுமியரும் எந்த ஏட்டையும் பார்க்காமலே பாடினார்கள். அவர்களுடைய பாட்டின் அமைப்பே அதற்கு வழி செய்தது.

நடவுப் பாட்டில் ஒருத்தி முன்பாட்டுப் பாடுவாள். மற்றவர்கள் அதே அடியையோ, ஒரு பொது அடியையோ திரும்பப் பாடுவார்கள். எல்லோரும் எல்லா அடிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். தாளத்தையும் யாரும் எண்ண வேண்டியதில்லை. குனிந்து நாற்றை ஊன்றும் கையே தாளம். கும்மியில் தட்டும் கையே தாளம். ஏற்றப் பாட்டோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எத்தனை சால் நீர் இறைத்தாயிற்று என்று எண்ணும் கணக்கும் பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

கற்றுத் தேர்ந்தவர்களின் இசையும் வாய்மொழியாகவே வந்தது. குருவின் வீட்டில் பல ஆண்டுகள் தங்கி, அவர் பாடக் கேட்டுத் திரும்பத் திரும்பப் பாடுவதே பயிற்சி. இசையை எழுதும் முறை நம்மவர்க்குத் தெரியாததன்று. புதுக்கோட்டைக்கு அருகில் குடுமியான்மலையில் ஏழு இராகங்களுக்கு உரிய சுரக் கோவைகள் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. அந்தக் கல்வெட்டு கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. ஆயினும் அது கற்றவருக்கான ஆவணமே தவிர, வீட்டில் இருப்பவர் பார்த்துப் பாடுவதற்கான புத்தகம் அன்று. குரு ஒருவர் கிடைத்தால்தான் இசை கிடைக்கும் என்ற நிலை அதற்குப் பிறகும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

நான்கு குரல்கள் ஒன்று சேர்வதெப்படி?

ஐரோப்பாவில் நிலைமை வேறாக இருந்தது. மறுமலர்ச்சிக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 15, 16ஆம் நூற்றாண்டுகளில், அங்கே பல குரல் இசை ஓங்கி வளர்ந்தது. நம் இசையில் நால்வர் சேர்ந்து பாடினால் நால்வரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். அவர்களுடைய இசையிலோ நால்வரும் நான்கு வெவ்வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் பாடுவார்கள். கேட்பவருக்கு அது குழப்பமாகத் தோன்றாமல் இனிமையாக இருக்கவேண்டுமானால், அந்த மெட்டுகள் ஒவ்வொரு கணத்திலும் பொருந்தி நிற்க வேண்டும்.

பொருத்தம் என்பது என்ன? ஒலி என்பது அதிர்வு. ஒருவர் ஸட்ஜத்தை வினாடிக்கு 240 அதிர்வுகளாகப் பாடுகிறார் என்று கொள்வோம். மற்றொருவர் பஞ்சமத்தை 360 அதிர்வுகளாகப் பாடுகிறார். இவற்றின் விகிதம் 2:3. மூன்றாமவர் அந்தர காந்தாரத்தை 300 அதிர்வுகளாகப் பாடினால் 240, 300, 360 என்ற மூன்றும் 4:5:6 என்ற எளிய விகிதத்தில் அமைகின்றன. மனிதக் குரலில் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கலந்தே ஒலிக்கும். 240இன் மூன்று மடங்கு 720. 360இன் இரண்டு மடங்கும் 720. இரண்டு குரல்களும் அந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. ஆகவே செவிக்கு இனிமை பிறக்கிறது.

பஞ்சமம் பாடுபவர் சற்றே தவறி 357இல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அவருடைய இரண்டு மடங்கு 714. 720க்கும் 714க்கும் உள்ள வேறுபாடு 6. அதனால் வினாடிக்கு 6 தடவை ஒலி பெருத்துச் சிறுத்து அதிரும். இதை ‘விம்மல்’ என்பர். நீங்களும் ஒரு நண்பரும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருவரும் ஒரே சுரத்தை நீட்டிப் பாடுங்கள். பிறகு ஒருவர் மட்டும் குரலை மிக மெல்ல உயர்த்தட்டும். ஒலியில் ஒரு நடுக்கம் தோன்றி, அது விரைந்துகொண்டே போவதைக் காது தெளிவாக உணரும்.

இவ்வாறு நான்கு குரல்கள் வெவ்வேறு வழிகளில் நடந்து, குறித்த கணத்தில் குறித்த சுரத்தில் சந்திக்க வேண்டுமென்றால், முன்பாட்டுக்காரரைப் பின்பற்றிப் பாடும் முறை உதவாது. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வழியைக் காட்டும் குறிப்பு வேண்டும். ஆதலால்தான் ஐரோப்பியர் கோடுகளின்மேல் புள்ளிகளை இட்டு இசையை எழுதும் முறையை வளர்த்தார்கள். புள்ளி நிற்கும் உயரம் சுரத்தைக் காட்டும். அதன் வடிவம் காலத்தைக் காட்டும்.

வெனிஸ் நகரத்து அச்சுக்கூடம்

ஆனால் கையெழுத்துப் பிரதிகள் விலை மிகுந்தவை. அரண்மனைகளும் தேவாலயங்களும் மட்டுமே அவற்றை வைத்திருக்க முடிந்தது. 1501இல் இந்த நிலை மாறத் தொடங்கியது. வெனிஸ் நகரில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி என்பவர் வார்ப்பெழுத்துகளைக் கொண்டு பல குரல் பாடல் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். அந்நூலின் தலைப்புக்கு நூறு பாடல்கள் என்று பொருள்; உள்ளே இருந்தவை 96. பெரும்பாலானவை பிரெஞ்சு மொழியில் அமைந்த உலகியல் பாடல்கள்.

பெத்ரூச்சியின் புத்தகங்கள் அழகானவை. ஆனால் வேலை கடினமானது. முதலில் கோடுகளை அச்சிட்டு, அதே தாளை மறுபடியும் பொறியில் ஏற்றிப் புள்ளிகளை அச்சிட வேண்டும். எழுத்துகளுக்கு இன்னொரு தடவை. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளி வேறு கோட்டில் விழும், சுரம் மாறிவிடும். 1528இல் பாரிஸ் நகரத்தில் பியேர் அத்தென்யான் என்னும் அச்சுக்காரர் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். புள்ளியும் அதைச் சுற்றியுள்ள கோட்டுத் துண்டுகளும் சேர்ந்த ஒரே அச்செழுத்தை வார்த்துக்கொண்டார். அவற்றை வரிசையாகக் கோத்தால் கோடும் புள்ளியும் ஒரே அழுத்தத்தில் அச்சாகிவிடும். கோடுகள் துண்டு துண்டாகத் தெரிந்தாலும் வேலை விரைந்தது, செலவு குறைந்தது.

அதன் விளைவு பெரிது. வணிகர், வழக்கறிஞர் முதலியோர் வீடுகளிலும் பாட்டுப் புத்தகங்கள் புகுந்தன. ஒரு பாடலின் நான்கு குரல்களுக்கும் நான்கு சிறு புத்தகங்களாக அச்சிட்டு, ஒரு கட்டாக விற்றார்கள். அவற்றுள் ஒன்று தொலைந்தாலும் பாட்டு முடமாகிவிடும். மாத்ரிகல் எனப்படும் இத்தாலியக் காதல் பாடல்கள் இவ்வாறு பெரிதும் பரவின. ஆர்க்காடெல்ட் என்பவர் நான்கு குரல்களுக்கு இயற்றிய முதல் மாத்ரிகல் தொகுதி ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள் 40க்கும் மேற்பட்ட தடவை மறுபதிப்பாயிற்று.

1588இல் இலண்டனில் நிக்கலஸ் யங் என்னும் பாடகர், இத்தாலிய மாத்ரிகல்களை ஆங்கிலச் சொற்களோடு தொகுத்து வெளியிட்டார். கனவான்களும் வணிகர்களும் தம் வீட்டுக்கு நாள்தோறும் வந்து பாடி மகிழ்வதை அவர் முன்னுரையில் குறிப்பிட்டிருக்கிறார். அதே ஆண்டில் வில்லியம் பேர்டு என்னும் இசை மேதை தம் பாடல் நூலின் முகப்பில், எல்லோரும் பாடக் கற்க வேண்டும் என்பதற்கு எட்டுக் காரணங்களை அடுக்கினார். பாட்டு மார்புக்கு வலிமை தரும், திக்குவாய்க்கு மருந்தாகும் என்பனவும் அவற்றுள் அடங்கும். 1597இல் ஜான் டௌலண்டு வெளியிட்ட நூலில் இன்னொரு புதுமையைக் காணலாம். விரித்து வைத்த பக்கத்தில் ஒரு குரலுக்கான பகுதி நேராகவும், மற்றவை பக்கவாட்டிலும் தலைகீழாகவும் அச்சாகியிருந்தன. ஒரே புத்தகத்தை மேசையின் நடுவே வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்து அனைவரும் பாடலாம் அல்லவா!

குறிலும் நெடிலும் காலம் காட்டும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இத்தாலியில் மாத்ரிகல் பரவிய அதே 16ஆம் நூற்றாண்டில்தான் கன்னட நாட்டில் புரந்தரதாசர் வாழ்ந்தார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறும் பாடமுறையை வகுத்தவர் அவரே என்பது மரபு. அதாவது புதிதாகக் கற்பவர்க்கு உரிய பாடத்திட்டம் நம்மிடம் அப்போதே இருந்தது. இல்லாதது அச்சு மட்டுமே.

அச்சு வந்தபோது நம் இசைக்கு ஒரு வசதி காத்திருந்தது. நமக்குக் கோடும் புள்ளியும் வேண்டியதில்லை. ஸ, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு எழுத்துகளே சுரங்களின் பெயர்கள். எந்த அச்சகத்திலும் அந்த எழுத்துகள் இருக்கும். காலத்தைக் காட்டவும் தனிக் குறி வேண்டியதில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ் இலக்கணம் படித்த சிறுவனும் அறிவான். அதே கணக்கில் ‘ஸ’ என்றால் ஓர் அளவு, ‘ஸா’ என்றால் இரண்டு அளவு. ஓசையை நீட்ட வேண்டுமானால் ஒரு காற்புள்ளி ஓர் அளவு. ஓர் அரைப்புள்ளி இரண்டு அளவு. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி. கீழ் ஸ்தாயிக்கு அடியில் ஒரு புள்ளி.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்:

ஸா ரி க | மா | ; ||

முதல் பகுதியில் 2 + 1 + 1 ஆக 4. அடுத்த பகுதியில் 2. கடைசியில் உள்ள அரைப்புள்ளி, மத்திமத்தை மேலும் 2 அளவு நீட்டச் சொல்லுகிறது. மொத்தம் 8. நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரிந்து நிற்கும் இதுவே ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தம். ஐரோப்பாவில் பெத்ரூச்சியும் அத்தென்யானும் தனி அச்செழுத்துகளை வார்த்துச் சாதித்ததை, இங்கே பாடநூல் அச்சிடும் சிறு அச்சகமே செய்துவிட முடிந்தது.

வீட்டுக்கு வந்த சுரப் புத்தகம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் இத்தகைய நூல்கள் வரத் தொடங்கின. தச்சூர் சிங்கராசார்யுலு சகோதரர்கள் தெலுங்கு எழுத்தில் வரிசைகள், கீதங்கள், வர்ணங்கள், கிருதிகள் ஆகியவற்றைச் சுரக் குறிப்புடன் அச்சிட்டு வரிசையாக நூல்களை வெளியிட்டார்கள். படித்தவர்கள் கூடி இசையை வளர்க்கும் சங்கங்களும் தோன்றின. பூனாவில் 1874இல் தொடங்கிய கயன் சமாஜத்துக்கு 1883இல் சென்னையில் கிளை ஏற்பட்டது.

சின்னசாமி முதலியார் என்பவர் வேறொரு வழியில் முயன்றார். சென்னை அரசாங்கச் செயலகத்தில் பணியாற்றிய அவர், தியாகராஜர் முதலியோரின் கிருதிகளை ஐரோப்பியக் கோட்டு முறையில் எழுதி 1893இல் வெளியிட்டார். உலகத்தார் அனைவரும் நம் இசையைப் படித்து அறிய வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காகத் தம் பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டார். ஆனால் கோட்டு முறை நம் வீடுகளில் வேர்பிடிக்கவில்லை. எழுத்து முறையே நிலைத்தது.

தமிழில் இப்பணியைச் செய்தவர்களுள் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சிறப்பானவர். சித்த மருத்துவரான அவர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தொடக்க நிலை மாணவர்கள் பொருள் விளங்காத பிறமொழிப் பாட்டுகளைப் பாடித் துன்புறுவதைக் கண்டு, தமிழிலேயே கீதங்களும் கிருதிகளும் இயற்றிச் சுரப்படுத்தினார்.

1927இல் சென்னையில் நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காகப் பாடநூல்களை எழுதினார். 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக் குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. ரா. ரங்கராமானுஜ ஐயங்காரின் ‘கிருதிமணிமாலை’ பல வீடுகளின் அலமாரியில் இடம்பெற்றது. வார இதழ்களிலும் சுரப்படுத்திய பாடல்கள் வந்தன. 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் பின்னாளில் ‘இசைப் பயிற்சி’ நிகழ்ச்சி நடத்தியபோது, கையில் குறிப்பேட்டுடன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கற்றவர்கள் ஏராளம். குருவைத் தேடிப் போக முடியாத பெண்களுக்கு அது ஒரு பெரும் வாய்ப்பாக அமைந்தது.

எழுத்தில் அகப்படாதது

இவ்வளவு எளிய குறிப்பு முறைக்கு ஒரு குறையும் உண்டு. ‘க’ என்று எழுதினால் அது எந்தக் ‘க’?

ஸட்ஜம் 240 அதிர்வுகள் என்றால் சாதாரண காந்தாரம் ஏறத்தாழ 288இல் நிற்க வேண்டும். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தினால் அசையாத ஓர் ஒலி கேட்கும். ஆனால் தோடி இராகத்தைப் பாடுபவரின் காந்தாரம் அங்கே அசையாமல் நிற்பதில்லை. கீழே ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மேலே மத்திமத்தை நோக்கி ஊஞ்சல்போல் ஆடுகிறது. அந்த ஆட்டமே தோடி. அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் சுர வரிசைதான். இந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர். ஏட்டில் உள்ள ‘க’ என்ற ஒற்றை எழுத்து இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். சின்னசாமி முதலியாரின் வேண்டுதலாலும் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவாலும் அவர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் நூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட அந்நூலில் முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் பல சுரக் குறிப்புடன் உள்ளன. ஒவ்வொரு சுரத்தின்மேலும் அதன் அசைவைக் காட்டும் குறிகள் இடப்பட்டன. கம்பிதம், நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. எளிய எழுத்து முறையில் அச்சுக்காரர் தப்பித்துக்கொண்ட தொல்லை முழுவதும் இந்நூலில் திரும்பி வந்தது எனலாம். மியூசிக் அகாடமி இதைத் தமிழ் எழுத்தில் 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது.

இத்தனை குறிகள் இருந்தும், ஒரு பாட்டை ஒரு தடவையாவது காதால் கேளாதவர் இந்நூலை மட்டும் பார்த்துப் பாடிவிட முடியாது. ஐரோப்பியப் பாட்டில் புத்தகம் ஒரு வழிகாட்டி. அதன்படி நடந்தால் ஊர்போய்ச் சேரலாம். நம் பாட்டில் புத்தகம் ஊர்களின் பெயர்ப்பட்டியல். பாதையைத் தெரிந்தவர் உடன் வரவேண்டும்.

வீடுகளில் பரவிய ஆர்மோனியத்தின்மீது எழுந்த வழக்கும் இதுவே. அசையாத கட்டைகளால் கமகத்தைக் காட்ட முடியாது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது.

விடுபட்ட பாடல்கள்

எந்தப் பாட்டை அச்சிடுவது, எதை விடுவது என்பதும் சிறிய செய்தி அன்று. இத்தாலியில் காதல் பாடல்களே வீடுகளுக்குள் முதலில் நுழைந்தன. இங்கோ நேர்மாறாக நடந்தது.

நம்மிடமும் காதல் பாடல்கள் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யர் இயற்றிய பதங்களும், 19ஆம் நூற்றாண்டில் தருமபுரி சுப்பராயர் போன்றோர் இயற்றிய ஜாவளிகளும் தலைவியின் ஏக்கத்தையும் ஊடலையும் பாடுபவை. இவற்றைப் பேணி வளர்த்தவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண் கலைஞர்கள். 1890களில் அவர்களுடைய ஆட்டத்தை எதிர்க்கும் இயக்கம் எழுந்தது. 1947இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமே சட்டத்தால் தடுக்கப்பட்டது. சுரண்டலை ஒழிக்க அந்தச் சட்டம் தேவையாயிற்று. ஆனால் அந்தப் பெண்கள் மீது சுமத்தப்பட்ட இழிவு அவர்கள் பாட்டின் மீதும் படிந்தது. வீட்டுப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது பக்திக் கிருதிகளையே தேர்ந்தெடுத்தார்கள். பதங்களும் ஜாவளிகளும் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அவை மறைந்துபோகாமல் காத்தவர்களில் முதன்மையானவர் வீணை தனம்மாள் (1867–1938). சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீணை வாசித்துப் பாடுவதைக் கேட்கப் பெரிய வித்துவான்களும் வந்து காத்திருந்தார்கள். அவருடைய பேத்தி டி. பிருந்தா தாம் கற்ற ஜாவளிகளைச் சுரப்படுத்திக் கொடுக்க, மியூசிக் அகாடமி 1960இல் அவற்றை நூலாக்கியது. அந்த நூல் உதவியது உண்மை. ஆனால் அவற்றின் மெதுவான நடையையும் நுட்பமான அசைவையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது, பிருந்தாவிடம் நேரில் உட்கார்ந்து கற்றவர்களின் காதும் குரலுமே.

பலர் கூடிப் பாடுதல்

பல குரல்களில் பாடும் ஐரோப்பிய வழக்கமும் தமிழ்நாட்டில் ஓர் இடம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்பவர் கோடும் புள்ளியும் இல்லாமல் எழுத்துகளாலேயே இசையை எழுதும் ‘டானிக் ஸால்ஃபா’ முறையைப் பரப்பினார். ஏழைத் தொழிலாளிகளும் குழந்தைகளும் எளிதில் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதைக் கிறிஸ்தவப் பள்ளிகள் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுவந்தன. நம் சுர எழுத்து முறைக்கு அது நெருங்கிய உறவு ஆகையால் நன்றாக வேர்விட்டது. தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் இசைப் பயிற்சியைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் நான்கு குரல்களில் பாடுவது அதன் பயனே. சென்னையில் 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனும் இத்தகைய ஆர்வலர்களின் பாடற்குழுவாக வளர்ந்தது.

தெய்வப் பாடலும் அல்லாமல் காதல் பாடலும் அல்லாமல் மக்கள் கூடிப் பாடிய மற்றொரு வகை நாட்டுப் பாடல். பாரதியார் தம் பாடல்கள் பலவற்றுக்கு இராகமும் தாளமும் குறித்தே வெளியிட்டார். 1930இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்த தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் இயற்றிய நடைப்பாட்டை வழிநெடுகப் பாடிச் சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் சங்கீதம் கற்றவர் அல்லர். நடவுப் பாட்டில் நாற்று ஊன்றும் கை செய்த வேலையை இங்கே நடக்கும் கால் செய்தது.

இன்று நம்மால் ஆவது

வயற்பாட்டு அச்சை நம்பி வாழவில்லை; வேலையை நம்பி வாழ்ந்தது. ஏற்றத்தின் இடத்தை எண்ணெய் இயந்திரமும் மின்சார மோட்டாரும் பிடித்தன. படப்பைக்கு அப்பால் ஒரகடம் பக்கத்தில் பல வயல்கள் தொழிற்சாலைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. தாளம் போட்ட வேலை போனதும் பாட்டும் போயிற்று. பிற ஊர்களில் அறிஞர்கள் சிலர் நாட்டுப் பாடல்களின் சொற்களைத் தொகுத்து நூலாக்கினார்கள். ஆனால் மெட்டைக் குறித்துவைத்தவர்கள் குறைவு.

ஆகவே ஏடு மட்டும் இருந்தால் பாட்டின் உயிரசைவு நழுவிவிடும். வாய் மட்டும் இருந்தால் அந்த வாயோடு பாட்டும் முடிந்துவிடும். இரண்டும் சேர்ந்து நின்றால்தான் பாட்டு நிலைக்கும். இவற்றோடு இன்று கைப்பேசி என்னும் மூன்றாவது சாதனமும் சேர்ந்திருக்கிறது. எழுத்தில் அகப்படாத அசைவையெல்லாம் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அதுவாகப் பாடாது. பிறர் பாடியதைக் கேட்பது எளிதாகிவிட்ட காலத்தில், தாமே பாடும் வழக்கம் குறைந்துபோகும் அபாயமும் உண்டு.

மாணவர்கள் இதற்காக ஒரு சிறு முயற்சி செய்யலாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ தாலாட்டு, நலுங்கு, கும்மி, நடவுப் பாட்டு இவற்றில் ஒன்றைத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரைப் பாடச் சொல்லி, அவர் சம்மதத்துடன் ஒலிப்பதிவு செய்யுங்கள். சொற்களை எழுதுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்பனவற்றையும் குறியுங்கள். சுரம் அறிந்த நண்பர் துணையோடு, மேலே சொன்ன குறில், நெடில் கணக்கில் மெட்டையும் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் எழுத்து தோற்றுப்போகிறது என்பது உங்களுக்கே விளங்கும். அந்த இடத்தை மட்டும் பாட்டியிடம் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டு, அவரோடு சேர்ந்து நீங்களும் பாடுங்கள்.